கந்தரப்பமும் பதினைந்து நிமிடமும்

அறிவியல், உளவியல் நூல்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கோட்டையூரிலிருந்து ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் பதில் எழுதுகிறார்.

கேள்வி: பெங்களூரில் இருக்கும் என் மருமகள் நிறைய உளவியல் புத்தகங்கள் படிப்பவள். ஊருக்கு வந்திருந்தபோது நாலு வயதுப் பேரன் முன்னால் ஒரு கந்தரப்பத்தை வைத்து, "பதினைந்து நிமிஷம் தொடாமல் இருந்தால் இன்னொன்று தருவேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுமுன் அவன் தின்றுவிட்டான். இப்படிப் பொறுக்காத பிள்ளைகள் பின்னாளில் படிப்பில் பின்தங்குவார்கள் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். அன்றிலிருந்து அவளுக்கு முகமே சரியில்லை. உண்மையா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, பேரனைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. இந்தப் பதிலை மருமகளுக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள்.

சோதனை நடந்தது உண்மைதான். வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர், 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில், மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாய் போன்ற தின்பண்டங்களை வைத்துத் தொடங்கினார். பிள்ளைகள் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள், சிலர் பாட்டுப் பாடினார்கள். யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று பிரிப்பதற்காக அவர் அதைத் தொடங்கவில்லை. பல வருடம் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப்பிடித்து விசாரித்தபோதுதான், அதிக நேரம் காத்திருந்தவர்கள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் வாங்கியிருப்பது தெரிந்தது. இதைச் சொல்லி 1990-ல் வெளியான ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பெண் கிடைத்தது நூற்றுக்கும் குறைவான பிள்ளைகளுடையது. எல்லாரும் அந்த ஒரே பள்ளியில் படித்தவர்கள். பொதுவாசகர் புத்தகத்துக்குள் கதை நுழையும்போது இந்த விவரம் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

2018-ல் டைலர் வாட்ஸ் என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் சேர்ந்து, பலதரப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரத்தை எடுத்துப் பார்த்தார்கள். காத்திருப்புக்கும் படிப்புக்கும் இருந்த தொடர்பு முன்பு சொன்னதில் பாதிதான் இருந்தது. குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் பிள்ளையின் ஆரம்பகாலத் திறனையும் கணக்கில் சேர்த்ததும், அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

என்னை மிகவும் தொட்டது இன்னொரு சோதனை, ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் செய்தது. படம் வரைய நல்ல பொருள்கள் கொண்டுவருவதாகப் பிள்ளைகளிடம் முதலில் சொன்னார்கள். ஒரு பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி வந்தது. மறுபாதிக்கு வெறுங்கையோடு வந்து, "மன்னித்துக்கொள், இல்லையாம்" என்றார்கள். அதற்குப் பிறகுதான் மிட்டாய். ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக 3 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாறாதவர்கள் 12 நிமிடம். மொத்தம் 28 பிள்ளைகள்தான் என்பதால் இதையும் சற்றுத் தளர்வாகவே பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் "நாளைக்கு வாங்கித் தருகிறேன்" என்று நாம் சொல்லும் வார்த்தையைப் பிள்ளை கணக்கு வைத்துக்கொள்கிறது என்ற எண்ணம் எனக்குள் தங்கிவிட்டது.

என் ஐயா ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து மேலாள் வரை உயர்ந்தவர். ஆள் பேரும் தேதியும் இல்லாத வரவைப் பேரேட்டில் ஏற்றவிடமாட்டார். 'ஆய்வு சொல்கிறது' என்று எந்தப் புத்தகத்தில் வந்தாலும் நான் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பது அவரிடம் கற்றதுதான்: எத்தனை பேர்? வேறொருவர் திரும்பச் செய்து பார்த்தாரா? இந்தப் பழக்கம் எனக்குத் தாமதமாக வந்தது. சில பிள்ளைகள் பார்த்துப் படிப்பவர்கள், சில பிள்ளைகள் கேட்டுப் படிப்பவர்கள், அவரவர் வழியில்தான் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு நூலில் படித்துவிட்டு, வகுப்பைப் பல வருடம் அப்படிப் பிரித்து நடத்தியவன் நான். அப்படிப் பிரித்துச் சொல்லித்தந்தால் பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-ல் ஹரால்ட் பாஷ்லர் குழுவினர் விரிவாக அலசி எழுதியதை, ஓய்வு பெற்ற பிறகே படித்தேன். கேட்டுப் படிப்பவள் என்று நான் ஒதுக்கியதால் கரும்பலகைப் படங்களை வரையாமலே போன பிள்ளைகளை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அப்படியானால் எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? எனக்கு ஆங்கிலம் சுமார்.
– வாசகர், திருமயம்

பதில்: தம்பி, மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரனிடம் தொடங்குங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் சேர்ந்து அவர் எழுதிய 'ஃபேன்டம்ஸ் இன் தி பிரெய்ன்' 1998-ல் வந்தது. கை போனவருக்கு, இல்லாத அந்தக் கை இறுக மூடிக்கொண்டு வலிக்கிறது. ராமச்சந்திரன் ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் போன கை இருந்த இடத்தில் தெரியும்படி செய்கிறார். நல்ல கையை விரித்தால், போன கையும் விரிவதுபோலத் தோன்றுகிறது. சிலருக்கு வலி தளர்ந்தது, எல்லாருக்கும் அல்ல. சோதனை கண்முன்னே நடப்பதால் ஆங்கிலம் அவ்வளவாகத் தடுக்காது.

உளவியலாளர் டேனியல் கானமனின் 2011 நூலை ('திங்க்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ') இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் நாலாவது அத்தியாயத்தை மட்டும் எச்சரிக்கையோடு படியுங்கள். அதில் சொன்ன ஆய்வுகள் பலவும் சிறியவை, அவற்றை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன் என்று 2017-ல் கானமனே பொதுவில் எழுதினார். நோபல் பரிசு வாங்கிய மனிதர் இப்படி எழுதியதைப் படித்த பிறகு அவர்மீது எனக்கு மரியாதை கூடியது.

ராமச்சந்திரனில் எந்தப் பக்கத்தில் சிக்கினாலும் அதை மடித்துவைத்துவிட்டு, பக்க எண்ணோடு எனக்கு எழுதுங்கள்.