பட்டறைக்காரர் பதில்கள்: மழைக்கு அடிக்காத மழைமணி

கேள்வி: மகன் கட்டாரிலிருந்து தோட்டத்தில் குத்தி வைக்கிற மணி அனுப்பியிருக்கிறான். இடுப்புயரக் கம்பிகள், நுனியில் கிண்ணம் மாதிரிப் பித்தளை மணிகள். மழை பெய்தால் தானாக அடிக்கும் என்றான். இங்கே விடாத மழை, ஆனால் ஒரு சத்தமும் இல்லை. ஏமாந்துவிட்டோமா அண்ணே?
(வாசகி, கொட்டகலை)

மகன் ஏமாறவில்லை தங்கச்சி. உங்கள் ஊர் மழைதான் மணியடிக்கிற மழை இல்லை. மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நம் பக்கம் கொண்டுவருவது பெரும்பாலும் நாள் முழுக்கப் பிடித்துக்கொள்கிற தூறல். ஆளை நனைக்கும், கொழுந்துக் கூடையைக் கனக்க வைக்கும், மணியை அசைக்காது. கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் துளி செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் விழுகிறது. 4 மில்லிமீற்றர் துளி கிட்டத்தட்ட 9 மீற்றர் வேகத்தில் வரும். அகலம் 4 மடங்கு என்றால் கனம் 64 மடங்கு. கனத்தை வேகத்தின் வர்க்கத்தோடு பெருக்கினால் பெரிய துளியின் அடி 300 மடங்குக்கு மேல் பலம். சித்திரையில் பின்னேரம் இடியோடு கொட்டுமே, அந்த மழைக்குக் கேட்டுப் பாருங்கள்.

அதுவரை காத்திருக்க மனமில்லையென்றால் தகரக் கூரை ஓரத்தில், பீலி இல்லாத இடமாகப் பார்த்து மணியை நட்டு வையுங்கள். தூறலும் தகரத்தில் சேர்ந்து ஓரத்துக்கு வரும்போது பெரிய சொட்டாகத்தான் விழும். உயரம் குறைவு என்பதால் முழு வேகம் இருக்காது, ஆனால் கனம் இருக்கிறது, அது போதும்.

இன்னொன்றையும் பாருங்கள். கிண்ணத்தின் வாய் மேலே பார்த்திருக்கிறதா? அப்படியானால் அதில் தண்ணீர் தேங்கி நிற்கும், தண்ணீர் நின்றால் மணியின் குரல் அமுங்கிப்போகும். அடியில் நடுவில் சின்னதாக ஒரு துளை போட்டுவிடுங்கள். அடிப்பக்கம் அவ்வளவாக அதிராது, விளிம்புதான் பாடும், அதனால் துளையால் சத்தம் கெடாது. வாய் கீழே பார்த்திருந்தால் அது மழையைவிடக் காற்றை நம்பிச் செய்தது. கம்பி ஆடும்போது விளிம்புகள் ஒன்றையொன்று தொடுகிற நெருக்கத்தில் நடுங்கள். கம்பியை ஆழமாகப் புதைத்துவிட்டு ஆடவில்லையே என்று மகனைத் திட்டாதீர்கள்.

கேள்வி: பைப் வெட்டி நானே காற்றுமணி கட்டினேன். கடையில் விற்பது மாதிரி இனிமையாக இல்லை, கரண்டி விழுந்த சத்தம்தான் வருகிறது.
(வாசகர், வெலிமடை)

எங்கே துளை போட்டீர்கள் தம்பி? நுனியிலா? எல்லாரும் அங்கேதான் போடுகிறார்கள். பைப் அதிரும்போது இரண்டு நுனியும் நடுவும் ஆடும். நுனியைக் கயிற்றில் பிடித்தால் ஆட வேண்டிய இடத்தையே கட்டிப்போட்ட மாதிரி. ஆடாத இடம் நுனியிலிருந்து நீளத்தில் 22.4 வீதத்தில் இருக்கிறது. 50 சென்ரிமீற்றர் பைப்புக்கு 11.2 சென்ரிமீற்றர். அங்கே துளை போட்டு, அடிக்கிற கட்டை பைப்பின் நடுவில் படுகிற மாதிரித் தொங்கவிடுங்கள்.

நீளம் வெட்டுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பாதியாக வெட்டினால் மேல் ஸ்தாயி வரும் என்று நினைப்போம். வராது, அதிர்வு 4 மடங்காகி இரண்டு ஸ்தாயி மேலே போய்விடும். மோகன ராகத்தின் ஐந்து சுரத்தையும் வைத்துக் கட்டுங்கள் என்பது என் யோசனை. அதில் எது எதோடு மோதினாலும் காதுக்கு உறுத்தாது, காற்றுக்கோ வரிசை தெரியாது. ச 50 சென்ரிமீற்றர் என்றால் ரி 47.1, க 44.7, ப 40.8, த 38.7, மேல் ச வேண்டுமானால் 35.4. எல்லாம் ஒரே பைப்பில் வெட்டியதாக இருக்கட்டும். கொஞ்சம் கூட்டி வெட்டி அரத்தால் ராவிச் சரிசெய்யுங்கள். ஹாட்வெயார் கடையில் ஜீ.ஐ. பைப்பை எடுத்து நீட்டுவார்கள், வேண்டாம், அலுமினியம் கேளுங்கள். பிவிசி வாங்கிவிட்டு எனக்கு எழுத வேண்டாம்.

அப்புறம் உங்கள் ஊர்க் காற்று. ஊவாப் பக்கம் ஜூலை முதல் செப்டம்பர் வரை மலையைத் தாண்டி வறண்டு இறங்குகிற காற்றில்தான் அங்கே நல்ல தேயிலைக்கு வாசம் ஏறுகிறது. அதே காற்று, மணிக்குக் கீழே காற்றைப் பிடிக்கத் தொங்கவிடுகிற காற்றுப் பலகை பெரிதாக இருந்து அதைப் பிடித்தால் கயிறெல்லாம் சடை விழுந்துவிடும். உங்களுக்கு விசிட்டிங் கார்ட் அளவுப் பலகை போதும். மீன்பிடி நைலோனைவிடப் பின்னிய கயிறு நல்லது. துளையின் கூர் விளிம்பை ராவாமல் விட்டால் எந்தக் கயிறும் தேய்ந்து அறுந்துதான் போகும்.

கேள்வி: எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரர் இஸ்தோப்பில் காற்றுமணி கட்டியிருக்கிறார். வீட்டுக்காரர் பெக்டரியில் இரவு வேலை, பகலில்தான் தூங்க வேண்டும். நல்ல மனிதர்கள், சண்டை போட மனமில்லை.
(வாசகி, மஸ்கெலியா)

சண்டை வேண்டாம். பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். "இவர் தூங்குற நேரம் மட்டும் இதை அந்தக் கட்டையில மாட்டி வையுங்கக்கா" என்று சொல்லிக் கொடுங்கள். ரப்பர் மாட்டினால் மணி ஆடும், சத்தம் மெத்தென்று இருக்கும். வெறுங்கையோடு போய்ச் சொன்னால்தான் அது முறைப்பாடாகிவிடும். இஸ்தோப்பு வளையிலிருந்து கழற்றி மரக்கறித் தோட்டத்து வேலியில் கட்டச் சொன்னால் இன்னும் நல்லது, ஏனென்றால் வளையில் தொங்குகிற மணியின் அதிர்வு மரத்துக்குள்ளேயே இறங்கி அடுத்த காம்பராவுக்கு வரும். மணி கட்டுகிற மற்றவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சுவரை இரண்டு குடும்பம் பங்குபோடுகிற இடத்தில் அலங்காரம் உங்கள் இஷ்டம், சத்தம் அப்படி இல்லை.

கேள்வி: பிலிமத்தலாவையில் வாங்கிய பித்தளை மணி பச்சை பிடித்துவிட்டது. பழுதா?
(வாசகர், நாவலப்பிட்டி)

பழுதில்லை. உங்கள் ஊர் ஈரத்துக்குச் செம்பு கலந்த எதுவும் பச்சை பிடிக்கும். புளி போட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவித் துடையுங்கள். புளித்தண்ணீரை அதிலேயே காய விடக்கூடாது. அமெரிக்காவில் அரிசோனாப் பாலைவனத்தில் ஆர்க்கோசான்டி என்று ஒரு குடியிருப்பை 1970 முதல் கட்டிவருகிறார்கள். அங்கே வெண்கல மணி வார்த்து விற்றும் செலவுக்குப் பணம் சேர்க்கிறார்கள். அந்த மணிகளில் இந்தப் பச்சையை வேண்டுமென்றே ஏற்றி, அழகு என்று விற்கிறார்கள். அடுத்த முறை வாங்கும்போது பித்தளையா வெண்கலமா என்று கேளுங்கள். பித்தளை செம்பும் நாகமும் (துத்தநாகம்) கலந்தது. கோயில் மணி வெண்கலம், செம்பு ஏறக்குறைய 78 பங்கு, வெள்ளீயம் 22 பங்கு. தட்டினால் நாதம் நீண்டு நிற்பதை எடுங்கள்.

கேள்வி: உருளைக்கிழங்குப் பாத்தியைச் சுற்றி மணி கட்டினால் காட்டுப்பன்றி வராதா?
(வாசகர், நானுஓயா)

முதலில் வராது. எந்நேரமும் அடிக்கிற சத்தத்தால் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் வந்துவிடும். மணிக்குச் செலவழிக்கிற காசில் கம்பி வலை வாங்கி, அடியில் அரை அடி மண்ணுக்குள் போகிற மாதிரி அடியுங்கள். பன்றி கீழேதான் முட்டிப் பார்க்கும்.