மதுரை ஐகோர்ட் கிளையில் தோற்றால் சென்னைக்கு அப்பீல் போகலாமா?

முடியாது. வக்கீலான என்னிடம் கட்சிக்காரர்கள் அடிக்கடி கேட்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மதுரைக் கிளை சென்னை ஐகோர்ட்டுக்குக் கீழே இருக்கிற கோர்ட் இல்லை, அதே ஐகோர்ட்தான். இரண்டு இடத்துக்கும் தலைமை நீதிபதி ஒருவரே. எந்த நீதிபதி எங்கே அமர்வது, எந்த வகை வழக்கைப் பார்ப்பது என்று அவர்தான் முடிவு செய்கிறார். 2004 ஜூலை 24-இல் கிளை திறக்கும்வரை கன்னியாகுமரிக்காரர் ஒரு ஜாமீன் மனுவுக்குக்கூட எழுநூறு கிலோமீட்டர் தாண்டித்தான் ஐகோர்ட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது திருச்சி, தஞ்சாவூர், கரூர் தொடங்கி தெற்கு மாவட்டங்கள் எல்லாம் மதுரைக்குத்தான்.

சரி, அரசு நடவடிக்கையை எதிர்த்து நேரடியாக ஐகோர்ட்டில் போடும் ரிட் மனுவைத் தனி நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டால்? மதுரையிலேயே இரண்டு நீதிபதிகள் அமர்வில் ரிட் அப்பீல். அங்கேயும் தோற்றால் டெல்லியில் சுப்ரீம் கோர்ட்தான்.

அப்பீலில் சாட்சிகளைத் திரும்பக் கூண்டில் ஏற்றுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். கீழ்க்கோர்ட்டில் பதிவான சாட்சியத்தையும் ஆவணங்களையும் வைத்துத்தான் வாதம் நடக்கும். புது ஆவணம் சேர்க்க வழி உண்டு, ஆனால் அப்போதே ஏன் தரவில்லை என்பதற்கு வலுவான காரணம் வேண்டும்.

இரண்டாம் அப்பீல் இன்னும் குறுகலான வாசல். ஒரு நிலத் தகராறு சிவில் வழக்குக்கான கீழ்மட்டக் கோர்ட்டான முன்சிஃப் கோர்ட்டில் தொடங்கி, அதற்கு மேலுள்ள சப் கோர்ட்டில் முதல் அப்பீல் முடிந்து ஐகோர்ட்டுக்கு வருகிறது என்று வையுங்கள். நிலம் யார் அனுபவத்தில் இருந்தது என்பதை ஐகோர்ட் பொதுவாக மறுபடி ஆராயாது. பதிவு செய்யாத பத்திரத்தை நம்பி உரிமை கொடுத்தது சட்டப்படி சரியா என்று கேட்டால் காது கொடுக்கும். அப்படி முக்கியமான சட்டக் கேள்வி இல்லையென்றால் அட்மிஷனிலேயே, அதாவது அப்பீலை விசாரணைக்கு எடுக்கலாமா என்று பார்க்கும் கட்டத்திலேயே, தள்ளுபடி. அதனால்தான் முன்சிஃப் கோர்ட்டில் நடக்கும் குறுக்கு விசாரணையை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மன்றாடிச் சொல்கிறேன்.

கொலை வழக்கில் செஷன்ஸ் கோர்ட் தூக்குத் தண்டனை விதித்தால், கைதி அப்பீல் போடாவிட்டாலும் ஐகோர்ட் உறுதி செய்யாமல் அது நிறைவேறாது.

ஐகோர்ட்டுக்கு வரும் சிவில் அப்பீலுக்குக் கெடு 90 நாள். கிரிமினல் அப்பீலுக்கு 60, தூக்குத் தண்டனை என்றால் 30. தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கோர்ட் தயாரிக்க ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் நீங்கள் நகல் மனு போடத் தாமதித்த நாட்கள் சேரும். தீர்ப்பு வந்த அன்றே மனு போட்டுவிடுங்கள்.