இரண்டு பகடை உருட்டினால் 7 ஏன் அடிக்கடி விழுகிறது?

கூட்டுத்தொகை 2 முதல் 12 வரை 11 எண்கள். அப்படியென்றால் ஒவ்வொன்றுக்கும் 11-ல் ஒரு வாய்ப்புதானே என்று உங்கள் மகன் வாதாடுவதாக டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அவன் கையில் ஒரு சிவப்புப் பகடை, ஒரு வெள்ளைப் பகடை கொடுங்கள்.

சம வாய்ப்பு உள்ளவை கூட்டுத்தொகைகள் அல்ல, ஜோடிகள். சிவப்பில் 6 முகங்கள், வெள்ளையில் 6 முகங்கள், ஆக மொத்தம் 6 × 6 = 36 ஜோடிகள். 12 விழ 6-6 ஒன்றுதான் வழி. 11-க்கு இரண்டு: சிவப்பு 5 வெள்ளை 6, சிவப்பு 6 வெள்ளை 5. ஒரே நிறப் பகடைகளில் இவை இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். லைப்னிட்ஸ் போன்ற ஜெர்மன் கணித மேதையே இங்கே சறுக்கி, 11-க்கும் 12-க்கும் சம வாய்ப்பு என்று எழுதினார்.

7-ல்தான் அழகே இருக்கிறது. சிவப்பில் எது விழுந்தாலும், அதை 7 ஆக்க வெள்ளையில் ஒரு முகம் தயாராக இருக்கும். 1-க்கு 6, 2-க்கு 5, இப்படியே 6 வழிகள். நிகழ்தகவு ஆறில் ஒன்று. வேறு எந்தக் கூட்டுத்தொகைக்கும் இந்த வசதி கிடையாது.

சரி, 36 தடவை உருட்டினால் 7 சரியாக 6 முறை வருமா? வந்தே தீர வேண்டும் என்றில்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு சில நூறு தடவை உருட்டி, கரும்பலகையில் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். உருட்ட உருட்ட விகிதம் ஆறில் ஒன்றை நெருங்கும்.