பழைய பேனரில் ஒரு கூடாரம், உள்ளே ஆறு பட்டை விளக்கு

கேள்வி: ஐயா, நாங்கள் தாம்பரத்தை அடுத்து ஓர் அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். பால்கனி வடக்குப் பார்த்தது, எதிரிலேயே இன்னொரு கட்டடம், வெயில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மொட்டைமாடியில் தொட்டி வைக்கச் சங்கத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. அறை மூலையில் கூடாரம் போட்டு, விளக்கு வைத்து, கீரை, கொத்தமல்லி, புதினா, முடிந்தால் தக்காளி, மிளகாய் வளர்க்க ஆசை. செங்கல்பட்டுப் பக்கம் அண்ணனுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஐப்பசி மழையில் அவர் நாற்று அழுகிவிடுகிறது. அவருக்கும் இதிலேயே நாற்று விட்டுத் தர முடியுமா? ஆன்லைனில் குரோ டென்ட் விளக்கோடு சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். நாலாயிரம், நாலாயிரத்து ஐந்நூறில் நாங்களே செய்ய முடியுமா? ஊதா விளக்குதான் போட வேண்டுமா?

பதில்: செய்யலாம் அம்மா. முதலில் தக்காளியையும் மிளகாயையும் காய்க்கும் செடி என்ற கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், நாற்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சி வெயிலில் திறந்த வெளியில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். நம் வீட்டுக் கூடத்தில் இரவு விளக்கைப் போட்டால் இருநூறு, முந்நூறு லக்ஸ். நான் சொல்லப்போகும் கூடாரத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் கிடைக்கும். கீரைக்கும் நாற்றுக்கும் அது போதும். பூத்துக் காய்க்க வேண்டிய தக்காளிக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும், அந்த விளக்குச் செலவில் கோயம்பேட்டில் மூட்டையாகவே வாங்கிவிடலாம்.

இன்னொன்று. கடைகளில் விற்கும் கூடாரம் குளிர் நாட்டுக்காரர்களின் தேவைக்குச் செய்தது. வெளியே பனி கொட்டும்போது உள்ளே சூடும் ஈரமும் தங்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. நமக்கு நேர் எதிர். விளக்குக்குப் போகிற மின்சாரம் முழுதும் கடைசியில் சூடாகத்தான் அந்தப் பெட்டிக்குள் நிற்கும். நான் முதன்முதலில் கட்டியபோது இது புரியாமல் நீலத் தார்ப்பாயால் நாலு பக்கமும் இறுக்கி மூடி, ஜிப்பெல்லாம் தைத்து வைத்தேன். மூன்றாம் நாள் திறந்தால் வெந்தயத்தின் மேல் பஞ்சு மாதிரிப் பூஞ்சணம். அதனால் சொல்கிறேன், துணிக்கும் சட்டத்துக்கும் காசைக் கொட்டாதீர்கள். விளக்கிலும் காற்றிலும் கொட்டுங்கள்.

சட்டத்துக்கு முக்கால் அங்குல பி.வி.சி. பைப் போதும். 20 அடி நீளத்தில் மூன்று வாங்குங்கள். ஒன்றில் நாலரை அடித் துண்டு நான்கு (நீளம்), அடுத்ததில் நாலடித் துண்டு நான்கு (உயரம்), மூன்றாவதில் இரண்டேகால் அடித் துண்டு ஆறு. இந்த ஆறில் நான்கு அகலத்துக்கு, இரண்டு மேலே குறுக்கே விளக்கு தொங்க. மூலைக்கு மூன்று பக்கமும் பைப் செருகும் கார்னர் எட்டு வேண்டும். பிளம்பிங் கடையில் இல்லையென்றால் ஒரு ‘டீ’யும் ஓர் எல்போவும் சேர்த்துச் சமாளிக்கலாம். பசை போடாதீர்கள், வீடு மாறும்போது கழற்ற வேண்டும். பரணில் பழைய இரும்பு ராக் கிடந்தால் பைப்பே வாங்க வேண்டாம், அதுவே இன்னும் உறுதி.

மூடுவதற்கு நம் ஊரில் பஞ்சமில்லாத பொருள் பழைய பிளெக்ஸ் பேனர். காதுகுத்தோ, கட்சிக் கூட்டமோ, எதுவானாலும் சரி. அச்சடித்த பக்கம் வெளியே, வெள்ளைப் பக்கம் உள்ளே. சோப்புத் தண்ணீரில் கழுவி இரண்டு நாள் வெளியில் உலர்த்தினால் வாடை போகும். சமையலறை அலுமினியத் தாளை ஒட்டச் சொல்வார்கள், வேண்டாம். கசங்கினால் வெளிச்சம் சீராகத் திரும்பாது, கிழிந்த துண்டு ஒயரில் பட்டால் ஷாக் வேறு. தெர்மாகோலும் கூடாது, தீப்பிடித்தால் நொடியில் பரவும். பின்பக்கம், இடம் வலம் இரண்டு பக்கம், மேற்பக்கம் இவற்றை மூடினால் போதும். முன்பக்கம் திரை மாதிரித் தொங்கட்டும், கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் கொசுவலையைக் கட்டுங்கள்.

இனி விளக்கு. ஊதா தேவையில்லை. இலை சிவப்பையும் நீலத்தையும் அதிகம் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். வெள்ளை எல்.இ.டி.யிலும் அந்த இரண்டும் இருக்கின்றன, பச்சை ஒளியையும் செடி வீணாக்குவதில்லை. அதோடு ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிறதா, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்திருக்கிறதா என்று உங்கள் கண்ணுக்கே தெரியாது. எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் சாதாரண நாலடி, 20 வாட் எல்.இ.டி. பட்டை விளக்கு ஆறு வாங்குங்கள். நான்கு வெள்ளை, இரண்டு இளமஞ்சள். ஒன்று இருநூறு, இருநூற்றைம்பதில் வரும், உங்கள் செலவில் பெரிய பங்கு இதுதான். நாலு அங்குல இடைவெளியில் ஒரு பலகையில் பொருத்திச் சங்கிலியில் தொங்கவிடுங்கள், ஏற்றி இறக்க முடிய வேண்டும். செடியின் தலைக்கும் விளக்குக்கும் நடுவே ஆறிலிருந்து எட்டு அங்குலம். நாற்று வெளுத்து ஒல்லியாக மேலே ஓடினால் விளக்கு தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஒயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடாரத்துக்கு வெளியே, தரையை விட்டு உயரத்தில் இருக்கட்டும். வீட்டு மெயினில் ஷாக் தடுக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றும் இடம் இது.

காற்றுக்குக் கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட் பெரிய ஃபேன் இரண்டு. வீட்டில் சும்மா கிடக்கும் மோடம் அடாப்டர் 12 வோல்ட், 1 ஆம்பியராக இருந்தால் அதுவே இரண்டையும் ஓட்டும். ஒன்று மேல் மூலையில் சூட்டை வெளியே தள்ளட்டும். மற்றது உள்ளே செடியின் தலை லேசாக ஆடும்படி ஊதட்டும். காற்றில் ஆடிய நாற்றுக்குத்தான் தண்டு தடிக்கும்.

விளக்கை மாலை ஆறு மணிக்குப் போட்டுக் காலை எட்டு மணிக்கு அணையுங்கள், 14 மணி நேரம். செடிக்கு எது பகல் என்பது நீங்கள் சொல்வதுதானே! இரவில் அறை குளிர்ந்திருக்கும், சூட்டுத் தொல்லை பாதி குறையும். ஒரு டைமர் பிளக் வாங்கிவிட்டால் மறதிக்கு இடமில்லை. மின்கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: 120 வாட், 14 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 100 யூனிட். வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் நூறை இது ஒன்றே தின்றுவிடும், வீட்டின் மற்ற மின்செலவெல்லாம் அதற்கு மேல் ஏறும். பச்சைக்கீரைக் கட்டு விலையோடு ஒப்பிட்டால் லாபம் கிடையாது. ஆசைக்கும் நாற்றுக்கும்தான் இது.

என்ன விதைக்கலாம்? வெந்தயக்கீரை முதலிடம். நெருக்கமாகத் தூவி 20, 25 நாளில் அறுக்கலாம், பழக அதைவிட எளிய பயிர் இல்லை. புதினா சந்தையில் வாங்கிய கட்டின் தண்டிலேயே வேர் பிடிக்கும், கொஞ்சம் நிழலையும் பொறுக்கும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்துப் போடுங்கள். ஆனால் சூடும் நீண்ட பகலும் அதைப் பூக்கத் தள்ளும், சித்திரை, வைகாசியில் முயலாதீர்கள். அரைக்கீரை, சிறுகீரை கொளுத்தும் வெயிலுக்கென்றே பிறந்த இனம். உள்ளே வளர்த்தால் நோஞ்சானாகத்தான் வரும், இளசாகப் பிடுங்கிக்கொண்டால் உண்டு.

அண்ணனுக்கு நாற்று: 98 குழி கொண்ட நாற்றுத்தட்டு நான்கு இந்தக் கூடாரத்தில் அடங்கும், கிட்டத்தட்ட 390 நாற்று. உப்புப் போகக் கழுவிய தென்னைநார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை. விதையை டிரைக்கோடெர்மா விரிடியில் (நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பூஞ்சணத்தின் பொடி) கிலோவுக்கு 4 கிராம் வீதம் புரட்டுங்கள். நீங்கள் போடுவது சில கிராம் விதைதான், ஒரு சிட்டிகை போதும். அவர் வயலில் நாற்றழுகலைக் கொண்டுவருவது தேங்கும் ஈரத்தில் பெருகும் பூஞ்சணம். உங்கள் கூடாரத்திலும் தண்ணீர் கூடினால் அதே கதைதான். தட்டைத் தொட்டுப் பார்த்து, மேல்பகுதி காய்ந்த பிறகு தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். சின்னக் கறுப்பு ஈ பறந்தால் அதுவும் ஈரம் கூடியதற்கு அடையாளம், ஒரு மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுங்கள். முளை தெரிந்த அன்றே விளக்கின் கீழே வைக்க வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் கழுத்து நீண்டுவிடும்.

தக்காளி 25 நாளில் தயாராகும், மிளகாய்க்கு 35, 40 நாள் பிடிக்கும். அப்படியே கொண்டுபோய் வயலில் நடச் சொல்லாதீர்கள், இந்த நாற்று வெயிலையே பார்த்ததில்லை, ஒரே பகலில் வெந்துவிடும். அண்ணன் வீட்டுத் திண்ணை நிழலில் இரண்டு நாள், அப்புறம் காலை வெயில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று ஒரு வாரம் பழக்கி, மழை விட்ட ஒரு மாலையில் நடச் சொல்லுங்கள்.