கண்ணாடி, கம்பளிக் குல்லா, ஸ்டூடியோ ஹெட்போன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணா, கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) எழுதுகிறேன். மாடி அறையில் ஒரு மைக், அதை லேப்டாப்போடு இணைக்கும் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப் வைத்துக்கொண்டு படுகப் பாட்டு ரெக்கார்டிங் செய்கிறேன். இதுவரை போனோடு வந்த இயர்போன்தான். இப்போது பதினைந்தாயிரம் வரை சேர்த்திருக்கிறேன். சோனி எம்டிஆர் 7506, ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ், பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, இந்த மூன்றில் எதில் சவுண்ட் நன்றாக இருக்கும்? நான் கண்ணாடி போடுபவன், அதனால் ஏதாவது வித்தியாசம் வருமா?

பதில்: வரும் தம்பி, நிறையவே வரும். கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே ஒரு வரி, அதிலிருந்துதான் நான் ஆரம்பிக்கப் போகிறேன். நீங்கள் கேட்ட மூன்றும் மூடிய வகை, அதாவது கப்பின் பின்பக்கம் அடைத்தவை. இந்த வகை ஹெட்போனில் பாஸ், அதாவது கும்மென்ற கீழ்ச் சத்தம், வரவேண்டும் என்றால் குஷன் காதைச் சுற்றிக் காற்றுப் போகாதபடி ஒட்டி உட்கார வேண்டும். கண்ணாடியின் கால் அந்த இடத்தில் ஒரு சின்னச் சந்து விடுகிறது, அந்தச் சந்து வழியாக முதலில் ஓடிப்போவது பாஸ்தான், மற்றதெல்லாம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? பாஸ் பத்தவில்லையே என்று மிக்ஸில், அதாவது குரலையும் வாத்தியத்தையும் அளவு பார்த்துக் கலக்கும்போது, ஏற்றுவீர்கள். அந்தப் பாட்டைக் கல்யாண வீட்டு ஸ்பீக்கர் செட்டில் போட்டதும் மேளம் மட்டும் கும்கும் என்று கேட்கும், பாடியவர் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். நானும் குன்னூரில் இருபது வருஷமாகக் கண்ணாடியும், ஆறு மாதம் குல்லாவுமாகத்தான் இந்த வேலை பார்க்கிறேன், இந்தத் தப்பைச் செய்துதான் கற்றுக்கொண்டேன். குல்லாவைக் காதுக்கு மேல் மடித்துவிட்டுத்தான் ஹெட்போன் போட வேண்டும், கம்பளிக்கு மேல் போட்டால் எவ்வளவு விலை கொடுத்ததும் தண்டம்.

ஒரு சோதனை சொல்கிறேன், காசே ஆகாது. ஹெட்போனை வழக்கம்போலக் கண்ணாடியோடு போட்டுக்கொண்டு, பாஸ் நன்றாக இருக்கும் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, இரண்டு கப்பையும் உள்ளங்கையால் மெதுவாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பாஸ் சட்டென்று ஏறினால் அந்தக் குஷன் உங்கள் தலைக்கு உட்காரவில்லை என்று அர்த்தம். யூடியூபில் யார் என்ன மார்க் போட்டிருந்தாலும், உங்கள் காதுக்கு அந்த சவுண்ட் வரப்போவதில்லை.

இனி மூன்றையும் பார்ப்போம். சோனி 7506 1991-இல் வந்தது, இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறது. சுமார் 230 கிராம்தான், தலையில் இருப்பதே தெரியாது. ஆனால் குஷன் மெல்லியது, ஆழம் கம்மி, கொஞ்சம் பெரிய காதாக இருந்தால் உள்ளே இருக்கும் துணியில் காது முட்டிக்கொண்டே இருக்கும், ஒரு மணி நேரத்தில் அது எரிச்சலாக மாறும். சவுண்டில் மேல்பக்கம், அதாவது கீச்சென்ற ட்ரெபிள், தூக்கல். மைக்கின் இரைச்சல், பாடுபவர் "ச" "ஸ" சொல்லும்போது வரும் சீறல், வாய் உலர்ந்து வரும் சத்தம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும், அதற்காகவே ரேடியோக்காரர்களும் சினிமா சவுண்ட் ஆட்களும் இதைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். ரெக்கார்டிங் நேரத்தில் தப்புக் கண்டுபிடிக்க அருமை, நாலு மணி நேரம் உட்கார்ந்து மிக்ஸ் பண்ணக் காது தளர்ந்துபோகும். சுருள் ஒயர் நிரந்தரமாகப் பொருத்தியது, கழற்ற முடியாது. அந்தச் சுருளின் கனம் ஒரு பக்கமாக இழுப்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், எடை பார்க்கும்போது யாரும் ஒயரைச் சேர்ப்பதில்லை.

எம்50எக்ஸ் 2014-இல் வந்தது. முந்தைய எம்50-இல் ஒயர் கழலாது, இதில் கழலும், மூன்று ஒயர் பெட்டியிலேயே வரும். எங்கள் வீட்டில் ஒயரை எலி கடித்த அனுபவம் உண்டு என்பதால் இதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. 285 கிராம். பாஸும் ட்ரெபிளும் கொஞ்சம் உயர்த்தி வைத்த சவுண்ட், கேட்க ஜோராக இருக்கும், அதுவே மிக்ஸுக்குக் கொஞ்சம் ஏமாற்றும். இதே கம்பெனியின் எம்40எக்ஸ் விலையும் குறைவு, சவுண்டும் இன்னும் சமமாக இருக்கும், பேருக்காக எம்50எக்ஸ் வாங்குகிறவர்கள் அதை ஒருமுறை காதில் போட்டுப் பார்க்கலாம். இரண்டிலும் காது உட்காரும் ஓட்டை சின்னது. ரெக்சின் குஷன் என்பதால் நம் ஊர்க் குளிரில் முதல் பத்து நிமிஷம் இதமாக இருக்கும், அப்புறம் உள்ளே வியர்க்கும், ஆமாம், ஊட்டியிலும் வியர்க்கும்.

டிடி 770-க்கு வருகிறேன். வட்டமான பெரிய குஷன், வெல்வெட் மாதிரித் துணி, காது முழுதாக உள்ளே போய்விடும். அந்தத் துணிக் குஷன் கண்ணாடிக் காலைச் சுற்றி மெத்தென்று மடங்கிக்கொள்கிறது, ரெக்சின் குஷன் அந்த அளவுக்கு மடங்காது, காலை நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் அழுத்தி வலி கொடுக்கும். ஒயர் இல்லாமல் 270 கிராம், ஆனால் அந்த எடை தலையில் பரவி உட்காருவதால் 230 கிராம் சோனியைவிட லேசாகத் தோன்றும். இதை நான் எழுதினால் நம்பமாட்டீர்கள், போட்டுப் பாருங்கள். குறை என்ன என்றால், மேல்பக்கத்தில் ஒரு கூர்மை இருக்கிறது, ஜால்ரா, கைத்தட்டல் எல்லாம் கொஞ்சம் குத்தும். அதைப் பழகிக்கொள்ளலாம், வலிக்கிற காதைப் பழகிக்கொள்ள முடியாது. ஒயர் இதிலும் கழலாது. மின்தடை அளவான ஓம் கணக்கில் 32, 80, 250 என்று மூன்று வகை உண்டு. 250 ஓம்தான் உசத்தி என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு 80 ஓம் வாங்குங்கள். லேப்டாப்பிலும் போனிலும் 250 ஓம் முனகும், உங்கள் இன்டர்ஃபேஸ் 80-ஐத் தாராளமாகத் தாங்கும்.

ஆக என் ஓட்டு டிடி 770, 80 ஓம். கண்ணாடி போடாதவர் கேட்டிருந்தால், அதுவும் வெளியில் தூக்கிக்கொண்டு போய் ரெக்கார்டிங் செய்பவராக இருந்தால், மடித்துப் பையில் போடலாம் என்பதற்காகச் சோனி சொல்லியிருப்பேன். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் எண் எழுதவில்லை, உங்கள் பதினைந்தாயிரத்தைக் கொஞ்சம் தாண்டினாலும் தாண்டலாம், தாண்டினால் ஒரு மாதம் பொறுங்கள்.

கேள்வி: ஊட்டியில் இதையெல்லாம் போட்டுப் பார்த்து வாங்க முடியவில்லை. கோவை போகலாம் என்றிருக்கிறேன். கடையில் எப்படிச் சோதிப்பது?

பதில்: முதலில் ஒரு டீ குடியுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மலையிலிருந்து சரசரவென்று இறங்கினால் காது அடைத்துக்கொள்ளும் இல்லையா, கல்லாறு தாண்டி மேட்டுப்பாளையம் வந்த பிறகும் பலருக்கு அது முழுதாக விடுவதில்லை. அந்தக் காதோடு கடைக்குப் போய் "இதில் ட்ரெபிளே இல்லை" என்று சொல்லி ஒரு நல்ல ஹெட்போனை நானே ஒதுக்கியிருக்கிறேன். எச்சிலை விழுங்கி, கொட்டாவி விட்டு, காது திறந்த பிறகு போங்கள்.

கடையில் அவர்கள் போடும் டெமோ பாட்டைக் கேட்காதீர்கள், அதில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். உங்களுக்கு மனப்பாடமான இரண்டு பாட்டு, முடிந்தால் நீங்களே ரெக்கார்டிங் செய்த ஒரு குரல், போனில் கொண்டுபோங்கள். இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது வால்யூமைச் சமமாக வைப்பதுதான் கஷ்டமான வேலை, ஏனென்றால் ஒன்று துளி சத்தமாக இருந்தாலும் காது அதையே நல்லது என்று சொல்லிவிடும். ஓம் வேறுபட்டால் ஒரே வால்யூமில் சத்தமும் வேறுபடும், அதனால் ஒவ்வொரு முறையும் குரல் அதே உயரத்தில் கேட்கும்படி ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், பிடித்ததைத் தலையில் மாட்டியபடியே கடையில் அரை மணி நேரம் இருங்கள், கண்ணாடியோடு. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். முதல் ஐந்து நிமிஷத்தில் எல்லா ஹெட்போனும் சுகம்தான், உச்சந்தலையிலும் காது மடலிலும் வலி தெரிய இருபது நிமிஷமாவது வேண்டும்.

கேள்வி: மிக்ஸிங்குக்கு ஓப்பன் பேக் ஹெட்போன்தான் சரி என்கிறார்களே? கூடலூரில் இருக்கிறேன்.

பதில்: சரிதான். சென்ஹைசர் எச்டி 600 மாதிரி பின்பக்கம் திறந்த ஹெட்போனில் காற்றோட்டம் இருக்கிறது, சத்தம் தலைக்குள் அடைபடாமல் வெளியில் விரிந்து கேட்கிறது, மணிக்கணக்கில் போட்டாலும் காது புழுங்காது. ஆனால் உங்கள் வீட்டுக் கூரை தகரமா? ஜூனிலிருந்து கூடலூர் மழை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஓப்பன் பேக்கில் பாதிப் பாட்டும் பாதி மழையுமாகத்தான் கேட்கும். பாடுபவர் தலையில் மாட்டினால் அதிலிருந்து கசியும் தாளம் மைக்கில் ஏறிவிடும். ஒன்றே ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்றால் மூடியதே வாங்குங்கள். மழைச் சத்தத்தை நன்றாக அடைக்க வேண்டும் என்றால் சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ இருக்கிறது, 32 டெசிபல் வரை அடைக்கும் என்கிறது கம்பெனி. அதற்காகவே பிடி இறுக்கம், புதிதில் தலையை இடுக்கியில் வைத்த மாதிரி இருக்கும்.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்போன் வைத்துப் பாடி ரெக்கார்டிங் செய்யலாமா?

பதில்: வேண்டாம். சத்தம் காதுக்கு வந்து சேர்வதற்குள் தாளம் போய்விடும், அந்தத் தாமதம் பாடுபவரைத் தடுமாற வைக்கும். ஒயர்தான்.

கேள்வி: இரண்டே மழைக்காலத்தில் குஷன் தோல் உரிந்து, கறுப்புத் துணுக்கு எல்லாம் காதில் ஒட்டுகிறது. வாரண்டியில் மாற்றித் தரமாட்டேன் என்கிறார்கள்.

பதில்: தரமாட்டார்கள், குஷனைத் தேய்மானப் பொருள் என்று வாரண்டி அட்டையிலேயே போட்டிருப்பார்கள், எடுத்துப் படியுங்கள். அது தோல் இல்லை, பாலியூரித்தேன் பூசிய ரெக்சின், ஈரமும் வியர்வையும் சேர்ந்தால் அந்தப் பூச்சு உடைந்து உதிரும். நம் மலையில் பெட்டிக்குள் வைத்த செருப்பே பூசணம் பூக்கும்போது இது எம்மாத்திரம். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், நீலமாக இருக்கும் ஜெல் வெளுத்து இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். ஹீட்டர் முன்னால் வைத்து உலர்த்த வேண்டாம், விறகடுப்புப் பக்கம் மாட்டவே வேண்டாம். துணிக் குஷன் உரியாது, ஆனால் ஈரத்தைக் குடித்துக்கொண்டு நாற்றம் வரும், வெயில் அடிக்கிற நாளில் கழற்றிக் காற்றாட விடுங்கள்.

மாற்றுக் குஷன் ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது: குஷனின் தடிமனும் துணியும் மாறினால் சவுண்டும் மாறும். ரெக்சின் குஷனோடு வந்த ஹெட்போனுக்குச் சுகமாக இருக்குமே என்று துணிக் குஷன் போட்டால் பெரும்பாலும் பாஸ் இறங்கிவிடும். என்னிடம் இருந்த பழைய ஹெட்போன் ஒன்றுக்கு (கம்பெனி எதற்கு) அப்படி மாற்றிவிட்டு, அது பழுதாகிவிட்டது என்று மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் விலை கூடினாலும் அதே மாடலின் அசல் குஷனையே தேடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கினேன். இடது பக்கம் வேலை செய்யவில்லை, போதாததற்குத் தலையை இறுக்கி வலிக்கிறது. "சுகாதாரப் பொருள், திருப்பி எடுக்க முடியாது" என்கிறார் விற்றவர். குன்னூர் பக்கம் வெலிங்டனில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?

பதில்: இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லுங்கள், ஒரே புகாரில் கலந்தால் உங்கள் கேஸ்தான் பலவீனமாகும். இடது பக்கம் பாடாதது குறைபாடு. 2020-இன் இணைய வணிக விதிகள்படி குறைபாடான பொருளைத் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது, சுகாதாரம் என்ற சாக்கு அங்கே செல்லாது. அந்தத் தளத்தில் குறைதீர் அலுவலர் பெயர் போட்டிருக்க வேண்டும், அவருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பில், பெட்டியின் படம், பழுதைக் காட்டும் வீடியோ மூன்றும் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்ஆர்பி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாமல் சல்லிசாக வந்திருந்தால் உங்களிடம் இருப்பது போலியாகவும் இருக்கலாம், பேர்போன மாடல்களுக்கெல்லாம் போலி உண்டு. நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அலைய வேண்டாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த வசதியைக் கொடுத்திருக்கிறது. ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

தலை வலிப்பது வேறு கதை. அது குறைபாடு இல்லை, உங்கள் தலைக்கும் அந்த ஹெட்போனுக்கும் உள்ள பொருத்தம், அதை வைத்துச் சட்டம் பேச முடியாது. மாற்றிக் கிடைத்த புதிய ஹெட்போனும் இறுக்கினால், அது வந்த அட்டைப்பெட்டியையோ தலை அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அடுக்கிய புத்தகங்களையோ இரண்டு கப்புக்கும் நடுவில் கொடுத்து ராத்திரி முழுக்க விட்டுவைக்கலாம், நாலைந்து ராத்திரியில் பிடி தளரும். தலைப்பட்டைக்குள் எஃகுப் பட்டை இருந்தால் கையாலும் மெல்ல விரிக்கலாம். வெறும் பிளாஸ்டிக் என்றால் கை வைக்காதீர்கள், குளிரில் படக்கென்று விரிசல் விடும். ரொம்பவும் தளர்த்திவிடவும் கூடாது, தளர்ந்தால் மறுபடி பாஸ் ஒழுகும். இரண்டு நாளைக்கு ஒருமுறை மாட்டிக்கொண்டு உள்ளங்கையால் அழுத்தும் அந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், பாஸில் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும் முன்னாலேயே புத்தகத்தை எடுத்துவிடுங்கள்.