பழைய தேன் மெஷினும் புதுத் தலைவலிகளும்

கே: தாத்தா காலத்துத் தேன் எடுக்கும் மெஷின், நாலு தேனடைச் சட்டம் பிடிக்கும். துத்தநாகம் பூசிய தகர டிரம். உள்ளே வெள்ளைப் பொடி உதிர்கிறது. தேய்த்துவிட்டு எனாமல் பெயின்ட் அடிக்கலாமா? (குலசேகரம்)

ப: வேண்டாம். தேன் இனிக்கிறது என்பதால் அது அமிலம் என்பதை மறந்துவிடுகிறோம். பிஎச் 4-ஐ ஒட்டி இருக்கும். துத்தநாகத்தை அரிக்க அது போதும். பெயின்ட் உரிந்தால் அதுவும் தேனில்தான் சேரும். எனக்குப் பெரிய பயம் மூட்டுகளில்தான்: அந்தக் காலத்துப் பற்றவைப்பில் காரீயம் கலந்திருக்கும். மேலே இருக்கும் பல்சக்கரம், கைப்பிடி, கால்கள் நன்றாக இருந்தால் அவற்றை வைத்துக்கொண்டு, டிரம்மையும் கூண்டையும் 304 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீலில் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். ஆர்கான் வெல்டிங் தெரிந்த பட்டறையாக இருக்கட்டும். சக்கரம் டிரம்முக்கு நேர் மேலே சுற்றுவதால் உணவுத் தரக் கிரீஸ் மட்டும் போடுங்கள்.

கே: பெயின்ட் வந்த டிரம்மை நன்றாகக் கழுவி, தேன் தெளிய வைக்கலாமா?

ப: கூடாது.

கே: 304 என்று சொல்லித் தேன் தொட்டி விற்றார்கள். காந்தம் ஒட்டவில்லை, நம்பினேன். நாலே மாதத்தில் வெல்டிங் ஓரத்தில் துரு. கடைக்காரர் "உங்க ஊர் தண்ணி சரியில்லை" என்கிறார். தேனீப் பெட்டி வைத்துத்தான் என் பிழைப்பு. (அருமனை)

ப: உங்கள் மேல் தப்பே இல்லை. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று இந்த ஊரில் யார் சொல்லிக்கொடுத்தார்களோ! 202 ரக ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவுச் சரக்கு அது. பளபளப்பில் இரண்டும் ஒன்றுதான், அரிப்பைத் தாங்குவதில்தான் வித்தியாசம். "எஸ்எஸ் சார், எஸ்எஸ்" என்று மட்டும் சொல்லும் கடைக்காரர் எனக்கு எதுவுமே சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். பில்லில் 304 என்று எழுதச் சொல்லுங்கள். பேனா தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். இப்படிக் கேட்காமல் நான் வாங்கிய வடிகட்டித் தொட்டி இன்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறது.

இனி செய்ய வேண்டியது: வெல்டிங் ஓரத்தைச் சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் 304-ம் கறைபடும். அதனால் முதலில் தகட்டைச் சோதியுங்கள். பழைய ஸ்டீல் வாங்குபவர்களிடம் சோதனைத் திரவம் இருக்கும், 202 என்றால் சிவக்கும். 202 என்று உறுதியானால் கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சுயதொழிலில் பிழைப்பு நடத்த வாங்கிய பொருள் என்பதால் நீங்களும் நுகர்வோர்தான். வாங்கிய விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பில்லைத் தொலைத்துவிடாதீர்கள்.

கே: மோட்டார் வைத்த பழைய மெஷின் மலிவாக வந்தது, வாங்கிவிட்டேன். வீட்டில் ஓடவில்லை. மோட்டார் த்ரீ பேஸாம். என்ன செய்ய?

ப: மோட்டாரில் ஒரு தகடு இருக்குமே, பணம் கொடுப்பதற்கு முன்னால் படிப்பதற்கென்றே அடித்து வைத்தது. இனி சிங்கிள் பேஸ் மோட்டார் மாற்றுங்கள். மலிவெல்லாம் அதில் போகும்.

கே: ரப்பர் சீசன் தேன் கேனில் பொங்குகிறது. பழைய சூடாக்கும் தொட்டிதான் காரணமா? (திருவட்டாறு)

ப: தொட்டியைத் திட்டுவதற்கு முன் ஈரப்பதத்தை அளந்து பாருங்கள், ஈரம் கூடினால் தேன் புளித்துப் பொங்கும். விற்கும் தேனில் 20 சதவீதம்தான் உச்ச வரம்பு. நம் நாட்டுத் தேனீயின் தேன் அதைத் தாண்டுவது சகஜம். மூடி போட்டுச் சூடாக்கினால் ஆவி திரும்பத் தேனிலேயே விழும். தேனீக்கள் மெழுகால் மூடாத அடையில் ஈரம் அதிகம், அதை மெஷினில் போடாதீர்கள். ஈரம் பார்க்கும் மீட்டர் வாங்கும்போது தேனுக்கானது என்று கேட்டு வாங்குங்கள். நான் அவசரத்தில் வாங்கியது 32 பிரிக்ஸோடு (சர்க்கரை அளவு) நிற்கும் பழச்சாறு மீட்டர். தேனை வைத்தால் எல்லைக்கோடே தெரியாது. இப்போது வீட்டில் எலுமிச்சை ஜூஸுக்குச் சர்க்கரை போதுமா என்று அதில் பார்க்கிறோம்.