மார்ச் கடைசியில் வந்த மானியத்தை முழுவதும் செலவானதாகக் காட்டலாமா?

மத்திய அமைச்சகம் ஒன்றின் திட்டத்தில் முதியோர் இல்லம் நடத்தும் சிறிய தொண்டு நிறுவனத்தின் பொருளாளர் எழுதியிருக்கிறார். கடந்த நிதியாண்டுக்கென ஒப்புதலான 12 லட்சம் ரூபாய், ஆண்டு முடிய நான்கு நாட்களே இருந்தபோது, மார்ச் 27 அன்று வங்கிக் கணக்குக்கு வந்திருக்கிறது. அதுவரை சம்பளம், உணவு, மருந்து எல்லாவற்றையும் உள்ளூர் நன்கொடையைக் கொண்டு சமாளித்திருக்கிறார்கள். அதில் ஒப்புதல் ஆணையில் குறிப்பிட்ட செலவு இனங்களுக்குப் போனது 8,70,000 ரூபாய். மானியப் பணத்தைத் தொடப் பயந்து அப்படியே வைத்திருந்ததில் இதுவரை 13,200 ரூபாய் வட்டி சேர்ந்திருக்கிறது. இந்நிலையில் ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், முழுத் தொகையும் மார்ச் 31-க்குள் செலவானதாகக் காட்டும் பில்களையும், மானியம் எப்படிச் செலவானது என்று அரசுக்கு உறுதி கூறும் பயன்பாட்டுச் சான்றிதழையும் தாமே தயாரித்துத் தருவதாகவும், இல்லையென்றால் அடுத்த தவணை வரவே வராது என்றும் கூறியிருக்கிறார். அவர் சொல்படி நடக்கலாமா, வட்டியைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா, பின்னால் ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பு தம்மீது வருமா என்று பொருளாளர் கேட்கிறார்.

முதலில் அந்த ஆலோசகரைப் பற்றி. அவர் உங்களிடம் விற்பது உங்கள் பயத்தைத்தான். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இன்படி, பயன்பாட்டுச் சான்றிதழைத் தருவதற்கு நிதியாண்டு முடிந்து 12 மாத காலம் இருக்கிறது. ஆண்டுதோறும் வரும் மானியமாக இருந்தால், முந்தைய ஆண்டுக்கான தற்காலிகச் சான்றிதழைக் கொடுத்தாலே அடுத்த ஆண்டுத் தொகையை விடுவிக்கத் தொடங்கலாம். 75 சதவீதத்துக்கு மேல் விடுவிப்பதற்குத்தான் இறுதிச் சான்றிதழும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் வேண்டும். மானியத்தில் ஒரு பகுதி செலவாகாமல் மிஞ்சுவது குற்றமே அல்ல. அந்தச் சான்றிதழுக்கான ஜி.எஃப்.ஆர். 12-ஏ என்ற படிவத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். முந்தைய ஆண்டின் மீதி, அதில் கிடைத்த வட்டி, அரசுக்குத் திருப்பிச் செலுத்திய வட்டி, இந்த ஆண்டு வந்த தொகை, செலவு, இறுதி மீதி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது. மீதி இருக்கக் கூடாதென்றால் அதற்கென்று ஒரு கட்டத்தை ஏன் வைக்கிறார்கள்?

இன்னொன்றையும் அதில் கவனியுங்கள். அந்தப் படிவத்தில் கையெழுத்திடும் இடங்கள் இரண்டு: ஒன்று நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளருக்கு, மற்றது நிறுவனத் தலைவருக்கு. ஆடிட்டர் தணிக்கை அறிக்கையில் கையொப்பமிடுவார். ஆனால் "நிபந்தனைகள் நிறைவேறியதை நான் சரிபார்த்தேன்" என்று உறுதி கூறுபவர் பொருளாளராகிய நீங்கள்தான். மானியம் பெறும்போது நிர்வாகக் குழுவினர் எழுதிக் கொடுத்திருக்கும் பிணைப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். நிபந்தனை மீறப்பட்டால் கையொப்பமிட்டவர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் தொகையை ஆண்டுக்கு 10 சதவீத வட்டியுடன் திருப்பித் தரப் பொறுப்பேற்கிறார்கள் என்பதே விதியில் உள்ள வாசகம். ஆகவே, உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை, ஆம், பொறுப்பு உங்கள்மீது வரும் என்பதுதான். ஆலோசகரின் பெயர் அந்தக் காகிதங்களில் ஓரிடத்திலும் இருக்காது.

இத்தகைய இடைத்தரகர்களின் வழிமுறைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தெரிந்த கடையில் முன் தேதியிட்டு பில் வாங்குவார்கள். அந்தக் கடைக்காரர் தம் ஜி.எஸ்.டி. கணக்கில் அதைக் காட்டியிருக்க மாட்டார், ஆய்வுக்கு வருபவர் அதைத்தான் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பார். பணியாளருக்கு வங்கி வழியாக முழுச் சம்பளத்தைப் போட்டுவிட்டு, அதில் ஒரு பகுதியை ரொக்கமாகத் திரும்ப வாங்குவார்கள். அந்தப் பணியாளர் மனம் நொந்து ஒரு கடிதம் எழுதினால் போதும், நிறுவனத்தின் பெயரே போய்விடும். கட்டில் விற்பவருக்கு முன்பணம் அனுப்பிவிட்டு அதைச் செலவு என்று எழுதுவார்கள். படிவமோ சரிக்கட்டாத முன்பணத்தை மீதித் தொகையின் பகுதியாகத்தான் கேட்கிறது. இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, மத்திய அரசு நிதி செலவாவதைக் கண்காணிக்கும் பி.எஃப்.எம்.எஸ். இணையதளத்தின் கடவுச்சொல்லையும் பொருளாளரின் டிஜிட்டல் கையொப்பச் சாதனத்தையும் அந்த ஆலோசகரின் பையிலேயே விட்டுவைக்கும் வழக்கம். அந்தத் தளத்தில் பணம் கொடுப்பதைப் பதிவு செய்பவர் ஒருவராகவும் அதற்கு ஒப்புதல் தருபவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும் என்று பிரித்து வைத்திருக்கும் காப்பையே இந்த ஒரு வழக்கம் அழித்துவிடுகிறது. இன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றுங்கள், சாதனத்தைத் திரும்ப வாங்குங்கள், கையெழுத்திட்ட வெற்று வவுச்சர்கள் எங்கேனும் இருந்தால் கிழித்துப் போடுங்கள்.

இனி, ஏற்கெனவே நன்கொடையிலிருந்து செலவழித்த 8,70,000 ரூபாய். மானியம் எந்த நிதியாண்டின் செலவுக்கு என்று ஒப்புதல் ஆணையில் எழுதியிருக்கிறதோ, அந்த ஆண்டுக்குள், ஆணையில் உள்ள இனங்களுக்கு, உண்மையான பில்லுடன் நீங்கள் செய்த செலவை மானியச் செலவாகக் கணக்கிடலாம். பணம் தாமதமாக வந்தது உங்கள் தவறல்ல. மார்ச் 31 அன்று மானியக் கணக்கு, நன்கொடைகள் இருக்கும் உங்கள் பொதுக் கணக்குக்குத் தர வேண்டிய தொகையாக இந்த 8,70,000 ரூபாயைக் காட்டுங்கள். நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, பில்களின் பட்டியலை இணைத்து, இப்போது அந்தத் தொகையைப் பொதுக் கணக்குக்கு மாற்றுங்கள். மாற்றிய தேதி உண்மையான தேதியாகவே இருக்கட்டும். வங்கியில் மார்ச் 31 அன்று 12 லட்சம் இருந்திருக்க, படிவத்தில் மீதி 3,30,000 என்று எழுதினால் கேள்வி வரும். அதற்கு விளக்கமாக ஒரு பத்தி எழுதி ஆடிட்டரின் கையொப்பத்துடன் சேர்த்துவிடுங்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். நன்கொடையாளர் ஒருவர் உணவுச் செலவுக்கென்றே பணம் கொடுத்து, அவருக்கும் அதே பில்லைக் காட்டியிருந்தால், அந்த பில்லை அரசுக்குக் காட்டக் கூடாது. ஒவ்வொரு பில்லின் மேலும் எந்த நிதியிலிருந்து செலுத்தப்பட்டது என்று முத்திரை குத்தி வைப்பது இதற்காகத்தான். அடுத்து, வெளிநாட்டு நன்கொடைக் கணக்கிலிருந்து எதையாவது கடனாக எடுத்திருந்தால், மானியப் பணத்தை அந்தக் கணக்கில் திருப்பிப் போடாதீர்கள். வெளிநாட்டு நன்கொடை தவிர வேறு எந்தப் பணமும் அந்தக் கணக்கில் சேரக் கூடாது என்கிறது 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்.

வட்டியைப் பொறுத்தவரை விதியில் குழப்பமே இல்லை. மானியத்தில் கிடைத்த வட்டி முழுவதையும், கணக்கு முடிந்தவுடன், மத்திய அரசின் கருவூலமான இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செலுத்திவிட வேண்டும். அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவும் இடமில்லை. மத்திய அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் இணையதளத்தில் செலுத்தி ரசீதைக் கோப்பில் வையுங்கள். சம்பளத்துக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். செலவை முதலில் நீங்கள் செய்து, பிறகு அரசு அதை ஈடுசெய்யும் முறையில் வரும் பணத்துக்கு இந்த வட்டி விதி பொருந்தாது; காரணம், அது வந்து சேரும்போதே உங்கள் பணம். நாங்களும் முன்னால் செலவழித்தோமே, எங்கள் 8,70,000 ரூபாயும் அப்படித்தானே என்று உங்களுக்குத் தோன்றும். நியாயப்படி பார்த்தால் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் முறையைத் தீர்மானிப்பது ஒப்புதல் ஆணையின் வாசகம். செலவைச் சரிபார்த்து ஈடுசெய்வதாக ஆணை சொன்னால் விலக்கு உண்டு; ஆண்டுக்கான மானியம் விடுவிக்கப்படுகிறது என்று மட்டும் சொன்னால், நீங்கள் எவ்வளவு முன்னால் செலவழித்திருந்தாலும், மானியக் கணக்கில் கிடந்தவரை அது அரசின் பணம் என்றே பார்க்கப்படும். உங்கள் கடிதத்திலிருந்து, உங்களுடையது இரண்டாம் வகை என்றே படுகிறது. ஆகவே 13,200 ரூபாயையும், கணக்கு முடியும் வரை சேரும் வட்டியையும் செலுத்திவிடுங்கள். அந்த வட்டி மார்ச் 31-க்குப் பிறகு சேர்ந்தது என்பதால், அது நடப்பு ஆண்டின் படிவத்தில்தான் வரும்.

நிதியாண்டின் கடைசி மாதங்களில் அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்கை மீறுவதாகும் என்று அதே பொது நிதி விதிகளின் 62-ஆம் விதி கூறுகிறது. அப்படியிருக்க, நிறுவனங்களுக்குப் பணத்தை மார்ச் இறுதியில் அனுப்பி, அதே மார்ச் 31-க்குக் கணக்கு கேட்பது என்ன நியாயம்? பதினொரு மாதம் முதியவர்களுக்குக் கடன் வாங்கிச் சோறு போடுபவர்களைப் பொய்க் கணக்கின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது இந்தத் தாமதம்தான், தரகர்கள் பிழைப்பதும் அதனால்தான். ஒப்புதலான தொகையின் முதல் பகுதியை ஆண்டின் தொடக்கத்திலேயே விடுவிக்க விதியில் எந்தத் தடையும் இல்லை.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது, மிச்சமுள்ள 3,30,000 ரூபாயைப் பற்றி அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவது. பணம் வந்த தேதியைக் காட்டும் வங்கி அறிக்கையை இணைத்து, மீதியை நடப்பு ஆண்டின் இன்ன இனங்களுக்குச் செலவிட அனுமதி கேளுங்கள். அனுமதி எழுத்தில் வரும்வரை அந்தத் தொகையைத் தொடாதீர்கள். தொலைபேசியில் யாரோ சரி என்று சொன்னது அனுமதி ஆகாது. திருப்பிக் கேட்டால் திருப்பிக் கொடுத்து ரசீது பெறுங்கள். ஆடிட்டர் தரும் சான்றிதழ் எதுவானாலும் அதில் ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனியாக உருவாக்கப்படும், 18 இலக்கங்கள் கொண்ட யூ.டி.ஐ.என். என்ற அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சரிபார்க்கலாம். அந்த ஆலோசகர் முன்பே ஏதேனும் சான்றிதழ் வாங்கிக் கொடுத்திருந்தால், அதையும் இன்றே சரிபார்த்துவிடுங்கள்.